சொந்த கிளைடர், சொந்தக் கைவேலை: எதுவரை போகலாம்?

கடிதம் எழுதியவர் தெற்கு ஜெர்மனியில் மென்பொருள் துறையில் வேலை பார்க்கிறார். வயது 38. கிளைடர் (இயந்திரமில்லா விமானம்) ஓட்டும் உரிமம் வாங்கி நான்கு ஆண்டுகள் ஆகின்றன. பறக்கும் சங்கத்தில் பழகிய இரண்டு நண்பர்களோடு சேர்ந்து, 1980-களில் தயாரான கண்ணாடியிழை ஒற்றை இருக்கை கிளைடர் ஒன்றை வாங்கியிருக்கிறார். குளிர்காலத்தில் பறப்பு இல்லாத மாதங்களில் காக்பிட்டைப் புதுப்பிக்கத் திட்டம். பட்டியல் நீளமானது: மூக்குப் பகுதியில், பெடல்களுக்கு முன்னால் இருக்கும் 2.5 கிலோ ஈய பேட்டரியை எடுத்துவிட்டு 1.1 கிலோ லித்தியம் பேட்டரி வைப்பது. பேனலை வெட்டி, பழைய மெக்கானிக்கல் வேரியோ (ஏறும், இறங்கும் வேகத்தைக் காட்டும் கருவி) இருந்த இடத்தில் பெரிய திரை கொண்ட கணினி வேரியோ பொருத்துவது. மோதல் எச்சரிக்கைக் கருவியான ஃபிளார்ம் பொருத்தி, அதன் ஆன்டெனாவைக் கேனபியின் (காக்பிட்டின் ஒளிபுகும் மூடி) சட்டத்தில் திருகுவது. டேப்லெட்டை உறிஞ்சு குப்பியால் கேனபியில் ஒட்டி, யுஎஸ்பி சார்ஜர் கொடுப்பது. முதுகுவலிக்காகத் தடித்த ஸ்பாஞ்ச் மெத்தை போடுவது. உடைந்துபோன மஞ்சள் குமிழியை 3டி பிரின்டரில் அச்சடிப்பது.

“சொந்த கிளைடர், பயணிகள் யாரும் இல்லை. உரிமமும் இருக்கிறது. நாங்களே செய்து நாங்களே கையெழுத்துப் போடலாம்தானே? எடை குறைவதால் பாதுகாப்பு கூடத்தானே செய்யும்? மார்ச் மாதச் சோதனையின்போது ஆய்வாளரிடம் சொன்னால் போதாதா? விபத்து நேர்ந்தால் காப்பீடு கைவிடுமா?” என்று கேட்கிறார்.

அன்புள்ள வாசகருக்கு,

உங்கள் பட்டியலில் பெரும்பாலானவற்றைச் சட்டப்படியே செய்ய முடியும், அதுவும் நீங்கள் பயப்படும் அளவுக்குச் செலவில்லாமல். ஆனால் நீங்கள் கேட்ட வரிசை தலைகீழாக இருக்கிறது. முதலில் ஆய்வாளர், அப்புறம்தான் துளைபோடும் இயந்திரம். இன்னொன்று: உங்கள் கவலை முழுக்க மின்சாரத்திலும் கையெழுத்திலும் இருக்கிறது. எனக்கு அதைவிடப் பெரிய கவலை, நீங்கள் போகிற போக்கில் ஒரே வரியில் சொல்லிவிட்ட கேனபி ஆன்டெனாவும் மெத்தையும்தான்.

உரிமையாளர் என்பதால் கிடைக்கும் உரிமை எது

பராமரிப்பு வேறு, மாற்றம் வேறு. இந்த இரண்டையும் கலந்துவிடுவதால்தான் “நாங்களே கையெழுத்துப் போடலாம்” என்ற எண்ணம் வருகிறது. ஐரோப்பிய விமானப் பாதுகாப்பு முகமையான ஈயாசாவின் பார்ட்-எம்எல் விதிகள், 2020 மார்ச் முதல், உரிமம் வைத்திருக்கும் உரிமையாளருக்குக் குறிப்பிட்ட எளிய பராமரிப்பு வேலைகளைச் செய்து தானே விடுவிக்கும், அதாவது பறக்கத் தயார் என்று கையெழுத்திடும், உரிமையைத் தருகின்றன. நீங்கள் மூவரும் கூட்டு உரிமையாளர்கள் என்பதால் அது உங்களுக்கும் பொருந்தும். சங்கத்தின் கிளைடராக இருந்திருந்தால், முடிவெடுப்பதில் பங்குள்ள, சங்கம் இதற்கென நியமித்த உறுப்பினருக்கு மட்டும்தான் அந்த உரிமை.

புதிய கருவியைப் பொருத்துவது பராமரிப்பு அல்ல. அது வடிவமைப்பில் செய்யும் மாற்றம். அதற்கு ஒப்புதல் பெற்ற தரவு வேண்டும். பயணிகள் இருக்கிறார்களா, வாடகைக்கு ஓடுகிறதா என்பதெல்லாம் இங்கே கணக்கில் வராது. ஒப்புதலுக்கு மூன்று வழிகள் உண்டு.

முதல் வழி, வகைச் சான்றிதழ் (அந்த மாடலின் வடிவமைப்புக்கான ஒப்புதல்) வைத்திருக்கும் நிறுவனத்தின் தொழில்நுட்ப அறிவிப்பு. நீங்கள் நினைக்கும் மாற்றத்துக்கே அறிவிப்பு ஏற்கெனவே இருக்கலாம். பழைய கிளைடர்களுக்கு இவற்றைத் தேடிப் பார்ப்பவர்கள் குறைவு. இதைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

இரண்டாவது, சிஎஸ்-ஸ்டான் என்ற ஈயாசாவின் தொகுப்பு. முன்கூட்டியே ஏற்கப்பட்ட மாற்றங்களை அது தர மாற்றங்கள் என்கிறது. அதில் உள்ள ஒவ்வொரு தர மாற்றத்துக்கும் எந்த வகை விமானத்துக்குப் பொருந்தும், எப்படிப் பொருத்த வேண்டும், என்ன சோதனை, கையேட்டில் என்ன சேர்க்க வேண்டும் என்று எழுதியிருக்கும். அதன்படி செய்து படிவம் 123-ஐ நிரப்பி வைத்தால் முன் அனுமதியும் கட்டணமும் தேவையில்லை. ஃபிளார்முக்கு சிஎஸ்-எஸ்சி051, குரல் வானொலிக்கு சிஎஸ்-எஸ்சி001 என்று தனித்தனி எண்கள் இருக்கின்றன. கருவிகளைத் தாங்கும் பிடிமானங்களுக்கும் ஒன்று உண்டு. ஒவ்வொரு தர மாற்றத்தின் கடைசியிலும் அதைப் பைலட்-உரிமையாளர் விடுவிக்கலாமா கூடாதா என்று ஒரு வரி இருக்கும். படிக்கும்போது அந்த வரியிலிருந்து தொடங்குங்கள். “கூடாது” என்றிருந்தால், வேலையை நீங்கள் மேற்பார்வையில் செய்யலாம். கையெழுத்து உரிமம் பெற்ற தொழில்நுட்பருடையது.

மூன்றாவது, மேற்சொன்ன இரண்டிலும் அடங்காதவற்றுக்குச் சிறு மாற்றம் என ஈயாசாவிடமோ வடிவமைப்பு அங்கீகாரம் பெற்ற நிறுவனத்திடமோ விண்ணப்பிப்பது. இதற்குக் காசும் காலமும் ஆகும். உங்கள் பட்டியலில் எதற்கும் இதுவரை போக வேண்டியிராது என்றே நினைக்கிறேன், பேட்டரி நீங்கலாக. அதன் தாங்கியையோ இடத்தையோ மாற்றினால் ஆய்வாளர் இந்த வழியைக் காட்டலாம்.

“சிஇ முத்திரை இருக்கிறது” என்று விற்பனையாளர் சொல்வதை நம்பி இறங்காதீர்கள். பொருளை ஐரோப்பியச் சந்தையில் விற்கலாம் என்பதோடு அந்த முத்திரையின் வேலை முடிந்துவிடுகிறது. விமானத்தில் பொருத்தலாமா என்பதற்கு அது பதில் சொல்லாது.

பேட்டரி: எடை குறைந்தால் என்ன ஆகும்

எடை குறைவது எப்போதும் நல்லது என்பது கிளைடரில் செல்லாது. எங்கே குறைகிறது என்பதுதான் கேள்வி. உங்கள் பேட்டரி மூக்கில் இருக்கிறது. அங்கே 1.4 கிலோ போனால் எடைமையம் பின்னால் நகரும். குறைந்தபட்சக் காக்பிட் எடை கூடும்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். எண்கள் உதாரணத்துக்கு, உங்கள் கையேட்டிலும் எடையிடல் அறிக்கையிலும் உள்ளவற்றைப் போட்டுக்கொள்ளுங்கள். சிறகின் முன்விளிம்பிலிருந்து பேட்டரி 1.30 மீட்டர் முன்னால், பைலட்டின் எடைமையம் 0.55 மீட்டர் முன்னால், அனுமதித்த பின் எல்லை 0.40 மீட்டர் பின்னால் என்று கொள்வோம். பின் எல்லையிலிருந்து பார்த்தால் பேட்டரிக்கு 1.70 மீட்டர் நெம்பு, பைலட்டுக்கு 0.95 மீட்டர். 1.4 கிலோவை 1.70-ஆல் பெருக்கி 0.95-ஆல் வகுத்தால் 2.5 கிலோ. உங்கள் காக்பிட்டில் ஒட்டியிருக்கும் அட்டை 70 கிலோ குறைந்தபட்சம் என்கிறது. இனி அது 72.5. புதிய வேரியோவும் ஃபிளார்மும் பேனலில் 0.6 கிலோ கூட்டினால், 1.10 மீட்டர் முன்னால் இருக்கும் அந்த எடை சுமார் 0.9 கிலோவை மீட்டுத் தரும். ஆக 71.6.

நீங்கள் பாராசூட்டோடு 73 கிலோ என்று எழுதியிருக்கிறீர்கள். தப்பித்துக்கொள்வீர்கள். ஆனால் உங்கள் கூட்டாளிகளில் ஒருவர் பாராசூட்டோடு 71 கிலோ. இன்று சட்டப்படி பறக்கும் அவர், ஒரு பேட்டரி மாற்றத்தால் எல்லைக்கு வெளியே போய்விடுகிறார். எடைமையம் எல்லை தாண்டிய கிளைடர் வின்ச் ஏற்றத்தில் (தரையிலுள்ள இயந்திரம் கயிற்றால் இழுத்து ஏற்றுவது) மூக்கைத் துள்ளித் தூக்கும். சுழலில் விழுந்தால் மீளாமல் போகலாம். பழைய அட்டையை மாற்றாமல் விட்டால் அவருக்கு இது தெரியவே வராது. தீர்வு எளிது: கையேடு அனுமதிக்கும் இடத்தில் ஈயத்துண்டு பொருத்துவது, அல்லது ஈய பேட்டரியையே வைத்துக்கொள்வது.

லித்தியம் இரும்பு பாஸ்பேட் வகையையே தேர்ந்தெடுத்திருக்கிறீர்கள், நல்லது. சில விஷயங்கள் மட்டும். ஈய பேட்டரியில் மின்னழுத்தம் 12.7-இலிருந்து மெல்ல இறங்கும். பைலட்டுக்கு எச்சரிக்கை கிடைக்கும். இந்த வகையில் 13 வோல்ட்டை ஒட்டியே கடைசிவரை நிற்கும், பிறகு சட்டென்று உள்ளே இருக்கும் காப்புச் சுற்று எல்லாவற்றையும் அணைத்துவிடும். ஈயத்துக்கு அளவிட்ட வேரியோவின் பேட்டரிப் படம் அந்தக் கணம் வரை “நிறைவு” என்றே காட்டும். அமைப்புகளில் பேட்டரி வகையை மாற்றுங்கள். சார்ஜரும் இந்த வகைக்கானதாக இருக்க வேண்டும்: நான்கு செல்களுக்கு உச்சம் 14.6 வோல்ட். உறைநிலைக்குக் கீழே சார்ஜ் செய்தால் செல்லுக்குள் லித்தியம் உலோகமாகப் படிந்து நிரந்தரச் சேதம் ஆகும். ஜனவரியில் சூடில்லாத ஹேங்கரில் செருகிவிட்டு வீட்டுக்குப் போவது இப்படித்தான் புது பேட்டரியைக் கெடுக்கிறது. கழற்றி வீட்டுக்குக் கொண்டுபோய் சார்ஜ் செய்யுங்கள்.

இந்த பேட்டரி ஷார்ட் ஆனால் நூற்றுக்கணக்கான ஆம்பியர் பாயும். ஃபியூஸ் நேர்முனைக்குப் பக்கத்திலேயே, ஒரு சாண் தூரத்துக்குள் இருக்கட்டும். பேனலில் மட்டும் ஃபியூஸ் வைத்தால், மூக்கிலிருந்து பேனல்வரை வரும் கம்பிக்குக் காவல் கிடையாது. ஃபியூஸ் காப்பது கருவியை அல்ல, கம்பியை. ஆகவே கம்பியின் தடிமனைப் பார்த்து அளவு போடுங்கள். கடையில் கிடைக்கும் பிவிசி உறைக் கம்பி எரிந்தால் வரும் புகை, மூடிய கேனபிக்குள் ஒரு நிமிடத்தில் கண்ணை மறைத்துவிடும். விமானத்துக்கான டெஃப்செல் உறைக் கம்பியை வாங்குங்கள். உங்களுக்குத் தேவைப்படும் நீளத்துக்கு விலை பெரிதல்ல.

பிடிமானம்: விபத்தில் கழன்று பறக்காதபடி தாங்க வேண்டிய விசை, பழைய வடிவமைப்புகளுக்கு முன்நோக்கி 9 ஜி (பொருளின் எடையைப் போல் 9 மடங்கு), கிளைடர் வடிவமைப்பு விதியான சிஎஸ்-22-இன் இன்றைய பதிப்பில் 15 ஜி. 1.1 கிலோ பேட்டரிக்கு 15 ஜி என்றால் பதினாறரை கிலோ இழுவை. பழைய தாங்கி அதைச் சுமக்கும், புது பேட்டரியின் அளவு பழையதோடு அச்சாகப் பொருந்தினால். இடைவெளியில் ஸ்பாஞ்ச் செருகி வெல்க்ரோ பட்டை போடுவதெல்லாம் பிடிமானம் ஆகாது.

டேப்லெட்டும் கேனபியும்

டேப்லெட்டைப் பற்றி இரண்டு வார்த்தை. அது 5 வோல்ட்டில் 2.4 ஆம்பியர் கேட்டால் 12 வாட். மாற்றியின் இழப்பையும் சேர்த்தால் பேட்டரியிலிருந்து ஒரு ஆம்பியருக்கு மேல். ஆறு மணி நேரப் பறப்பில் 6.5 ஆம்பியர்-மணி. வானொலியில் கேட்பது, வேரியோ, ஃபிளார்ம் மூன்றும் சேர்ந்தாலும் அந்த அளவு வராது. டேப்லெட்டுக்காகத்தான் பெரிய பேட்டரி தேடுகிறீர்கள் என்பது உங்கள் கடிதத்திலேயே தெரிகிறது. அதற்குத் தனி பவர் பேங்க் வைத்து, கழன்று போகாதபடி பையில் பூட்டிவிடுங்கள். வானொலியின் உயிர் அதோடு சேர்ந்து போகாது. மலிவான யுஎஸ்பி மாற்றிகள் 118 முதல் 137 மெகாஹெர்ட்ஸ் வரையிலான வானொலிப் பட்டையில் இரைச்சலைக் கொட்டுவதும் உண்டு. வானொலியின் ஸ்குவெல்ச்சைத் (இரைச்சலை அடக்கும் அமைப்பு) திறந்துவைத்து மாற்றியை இயக்கியும் அணைத்தும் கேட்டுப் பாருங்கள்.

இனி முக்கியமானது. உங்கள் கிளைடரில் கேனபி முன்பக்கம் கீல் வைத்துத் திறக்கிறது, பேனலும் அதோடு எழும்புகிறது என்கிறீர்கள். நடுவானில் இன்னொரு கிளைடரோடு மோதினால் நீங்கள் செய்ய வேண்டியது சிவப்புக் கைப்பிடியை இழுத்துக் கேனபியை வீசிவிட்டு, பெல்ட்டை அவிழ்த்து, வெளியே குதிப்பது. எல்லாம் சில நொடிகளுக்குள். அப்போது கேனபிச் சட்டத்தில் திருகிய ஆன்டெனாவின் கம்பி உடலில் இருக்கும் ஃபிளார்ம் பெட்டிக்கு ஓடினால், கேனபி அந்தக் கம்பியில் தொங்கும், அல்லது ஒரு பக்கம் மட்டும் பெயர்ந்து உங்கள் முகத்தின் மேல் ஆடும். ஆன்டெனாக் கம்பிகளில் இருக்கும் எஸ்எம்ஏ இணைப்பு திருகாணி வகை; இழுத்தால் கழலாது, கம்பி அறுந்தால்தான் உண்டு. டேப்லெட்டின் சார்ஜ் கம்பிக்கும் இதே கதை.

கேனபியிலிருந்து உடலுக்கு எந்தக் கம்பியும் போகக் கூடாது என்பதே பாதுகாப்பான விதி. பேனல் கேனபியோடு எழும்பினாலும் வீசும்போது அது கேனபியோடு போகுமா, உடலோடு நிற்குமா என்பது வகைக்கு வகை மாறும். பராமரிப்புக் கையேட்டில் பாருங்கள். பேனலும் போகும் வகையானால், அதற்கான மின்னிணைப்பும் காற்றுக் குழாய்களும் நேராக இழுத்தால் கழலும் விதமாக இருக்க வேண்டும்.

வேலை முடிந்ததும் தரையில் சோதியுங்கள். இரண்டு பேர் இரு பக்கமும் கேனபியைப் பிடித்துக்கொள்ள, இருக்கையில் இருப்பவர் சிவப்புக் கைப்பிடியை முழுதாக இழுத்து, கேனபியை மேலே தூக்கி அகற்றட்டும். எங்கேயாவது சிறு இழுப்பு தெரிந்தாலும் அந்த இடத்தைச் சரிசெய்யாமல் பறக்க வேண்டாம். இந்தச் சோதனை எந்தப் படிவத்தில் கேட்கப்பட்டாலும் கேட்கப்படாவிட்டாலும் செய்யுங்கள்.

உறிஞ்சு குப்பி வெயிலில் இளகி விழும். விழும் இடம் பெரும்பாலும் கட்டுப்பாட்டுத் தடியான ஸ்டிக்குக்கு முன்னால்தான். அக்ரிலிக் கேனபியில் காலப்போக்கில் நுண்விரிசல் கோடுகளும் விழும். டேப்லெட் இருந்தே தீர வேண்டுமென்றால் தொடைப்பட்டை போதும். ஸ்டிக்கை முழுப் பின்னாலும் இரு மூலைக்கும் கொண்டுபோய் இடிக்கிறதா என்று பாருங்கள்.

ஃபிளார்ம் ஆன்டெனா ஐரோப்பாவில் 868 மெகாஹெர்ட்ஸில் இயங்குவது. அரை அலைநீளம் 17 சென்டிமீட்டர். செங்குத்தாக, பேனல் மறைப்பின் மேல், உலோகத்துக்கும் கார்பன் இழைக்கும் விலகி நிற்கட்டும். உங்கள் கிளைடர் கண்ணாடியிழை என்பதால் அலையை அதிகம் மறைக்காது, அது ஒரு நிம்மதி. பொருத்திய பிறகு சில பறப்புகளின் பதிவுக் கோப்புகளை வைத்து எந்தத் திசையில் வீச்சு குறைகிறது என்று பார்த்துக்கொள்ளலாம்.

பேனலை வெட்டுமுன்

கருவித் துளைகள் 57, 80 மில்லிமீட்டர் என இரண்டு அளவுகளில் வரும். உங்கள் வேரியோ 57-ஆக இருந்து புதியது 80 என்றால் வெட்டத்தான் வேண்டும். பக்கத்துத் துளைக்கும் இதற்கும் இடையே மிஞ்சும் பட்டையின் அகலத்தை வெட்டுமுன் காகிதத்தில் வரைந்து ஆய்வாளரிடம் காட்டுங்கள். மற்றக் கருவிகளைக் கழற்றிவிட்டுத்தான் வெட்ட வேண்டும். கண்ணாடியிழைத் தூள் அளவிகளுக்குள் போனால் வெளியே வராது. முகமூடி அவசியம்.

எந்தக் கருவியை எடுக்கலாம் என்பதைப் பறப்புக் கையேட்டின் குறைந்தபட்சக் கருவிகள் பட்டியல் சொல்லும். வேகமானியும் உயரமானியும் எப்போதும் அதில் இருக்கும். அவற்றுக்குப் பதில் கணினித் திரையின் எண்ணை வைத்துக்கொள்ள முடியாது. மெக்கானிக்கல் வேரியோ பட்டியலில் இல்லாவிட்டாலும், இடம் இருந்தால் எடுக்காதீர்கள் என்பேன். மின்சாரம் போன பிறகும் வேலை செய்யும் ஒரே வேரியோ அதுதான்.

புதிய பெட்டியின் ஆழத்தைப் பாருங்கள். பெடல்களை முன்கடைசிக்குத் தள்ளி, மூவரில் பெரிய காலணி போடுபவர் உட்கார்ந்து, இரு பக்கமும் முழுதாக மிதிக்கட்டும். விரல்நுனி பெட்டியையோ கம்பியையோ தொட்டால் அந்த இடத்தில் அந்தப் பெட்டி கூடாது.

குழாய்களைக் கழற்றியிருந்தால் கசிவுச் சோதனை கட்டாயம். ஒளிபுகும் குழாயை யு வடிவில் வளைத்து நீர் ஊற்றி, வேகமானிக்குக் காற்றழுத்தம் தரும் பீட்டோ குழாயோடு இணைத்து மெல்ல அழுத்தம் கொடுங்கள். நீர்மட்ட வேறுபாடு 48 மில்லிமீட்டர் ஆனால் வேகமானி மணிக்கு 100 கிலோமீட்டர் காட்ட வேண்டும். 108 மில்லிமீட்டருக்கு 150. குழாயைக் கிடுக்கியால் அடைத்து ஒரு நிமிடம் பாருங்கள். முள் இறங்கினால் கசிவு. பீட்டோவில் கசிவிருந்தால் வேகமானி உண்மையைவிடக் குறைத்துக் காட்டும். வாயால் ஊத வேண்டாம், வேகமானி உடைந்துபோகும். கடைசியாக, மின்கருவிகள் எல்லாம் ஓடும்போது திசைகாட்டியின் விலகலை அளந்து புது அட்டை எழுதுங்கள்.

மெத்தையும் மஞ்சள் குமிழியும்

முதுகுவலிக்கு மெத்தை தேடுவது இயல்பு. ஆனால் சாதாரண ஸ்பாஞ்ச் இரண்டு வழியில் ஆளைக் கொல்லும் பொருள். கடினமான தரையிறக்கத்தில், அது முதலில் நசுங்கி இடம் கொடுத்து, இடுப்பை வேகமெடுக்க விட்டு, அப்புறம் இருக்கைமேல் அறையும். முதுகெலும்பு முறிவதற்கு இது வழி. முதுகுக்குப் பின்னால் வைத்த மெத்தை வின்ச் ஏற்றத்தின் முடுக்கத்தில் அமுங்கும். பைலட் பின்னால் சரிந்து, ஸ்டிக்கையும் பிடித்து இழுத்துவிடுவார், அல்லது கயிற்றை விடுவிக்கும் குமிழி கைக்கு எட்டாமல் போகும். தரையிலிருந்து சில மீட்டர் உயரத்தில் இது நடந்தால் மீட்க நேரம் கிடையாது.

ஆற்றலை உறிஞ்சும் நுரை என்று கேட்டு வாங்குங்கள். டைனாஃபோம், கான்ஃபோர் போன்றவை. விரலால் மெல்ல அழுத்தினால் அமுங்கும், குத்தினால் கல்லாக நிற்கும். 25 மில்லிமீட்டர் தடிமன் பெரும்பாலோருக்குப் போதும். வைத்த பிறகு தலைக்கும் கேனபிக்கும் இடைவெளி மிஞ்சுகிறதா, இடுப்பு பெல்ட் வயிற்றில் ஏறாமல் இடுப்பெலும்பில்தான் படிகிறதா என்று பாருங்கள். முதுகுவலி தொடர்ந்தால் கீழ்முதுகு வளைவுக்கு மட்டும் அமுங்காத சிறு தாங்கி வையுங்கள். இருக்கை முழுக்கத் தடித்த மெத்தையைவிட அது வேலை செய்யும்.

குமிழியை அச்சடிக்க வேண்டாம். பிஎல்ஏ பிளாஸ்டிக் 60 டிகிரி அளவில் இளகத் தொடங்கும். வெயிலில் மூடி நிற்கும் காக்பிட்டில் அந்த வெப்பம் எளிதில் வரும். அது இழுவைக் கயிற்றை விடுவிக்கும் குமிழி. நிறத்துக்கும் விதி உண்டு: மஞ்சள் கயிறு விடுவிப்புக்கு, நீலம் காற்றுத்தடைக்கு, பச்சை டிரிம்முக்கு, சிவப்பு கேனபி வீசுவதற்கு. வேறு கிளைடரிலிருந்து வருபவர் தேடாமல் பிடிப்பது இந்த நிறங்களால்தான். தயாரிப்பாளரிடம் அசல் உதிரியையே வாங்குங்கள்.

காப்பீடும் மார்ச் மாதமும்

கிளைடரின் பறக்கும் தகுதிக்குப் பொறுப்பு உரிமையாளர்கள் மூவருக்கும். ஒப்புதல் இல்லாத மாற்றத்தோடு பறந்தால், கையில் இருக்கும் தகுதிச் சான்றிதழ் அந்தப் பறப்புக்குத் துணை நிற்காது. ஜெர்மன் பாலிசிகளில் விமானம் சட்டப்படியான நிலையில் இருக்க வேண்டும் என்ற நிபந்தனை வழக்கமானது. விபத்துக்கும் மாற்றத்துக்கும் தொடர்பு இருந்ததா என்று வாதாட வேண்டிய நிலைக்கு வருவதே இழப்புதான். பாலிசியின் வாசகத்தை எடுத்துப் படித்துவிட்டு, ஐயம் இருந்தால் காப்பீட்டு நிறுவனத்திடம் எழுத்தில் கேட்டு எழுத்தில் பதில் வாங்குங்கள்.

மார்ச்சில் சொல்லாதீர்கள்; இந்த மாதமே சொல்லுங்கள். பறப்புக் கையேடு, பராமரிப்புக் கையேடு, கடைசி எடையிடல் அறிக்கை, வாங்க நினைக்கும் கருவிகளின் எடையும் மின்தேவையும் எழுதிய ஒரு பக்கம், பேனலின் வரைபடம் ஆகியவற்றோடு ஆய்வாளரைப் போய்ப் பாருங்கள். எது தர மாற்றம், எதை நீங்கள் விடுவிக்கலாம், எதற்கு அவர் கையெழுத்து என்று ஒவ்வொரு வரியிலும் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். முந்தைய உரிமையாளர் சொருகிவைத்த கம்பி ஏதாவது பேனலுக்குப் பின்னால் இருந்தால் அதையும் படம் எடுத்துக்கொண்டு போங்கள். நாற்பது வயதுக் கிளைடரில் அப்படி ஒன்றாவது இருக்கும். புது எடைக்கணக்கும் புதிய அட்டையும் ஒட்டும்வரை உங்கள் 71 கிலோ நண்பரிடம் சாவியைக் கொடுக்க வேண்டாம்.